மாம்புரியில் கழற்றிய போல்ட்

போல்ட் தெறித்ததை இஸ்ஹாக் கண்ணால் காணவில்லை, காதால்தான் கேட்டார். காலை ஒன்பது மணியிருக்கும். கண்டக்குழிக் கரையில் பழைய ட்ராக்டரின் ஆசனத்தில் அமர்ந்து, கடலுக்குள் கிடந்த கரைவலை மீது கண்ணை வைத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் ஏதோ வெடித்தது. திரும்புவதற்குள், கயிறு இழுக்கும் வின்ச்சைச் சுழற்றிக்கொண்டிருந்த இரும்புத் தண்டு ஒரு பக்கப் பிடியை விட்டுக் கழன்று தறிகெட்டு அடிக்கத் தொடங்கிவிட்டது. மேலே மூடியிருந்த தகரத்தை முதல் அடியிலேயே கிழித்தெறிந்தது. இரண்டாவது அடியில் மணல் ஆள் உயரத்துக்கு எழும்பியது. மூன்றாவது அடி ஆசனத்துக்குக் கீழே விழுந்து ட்ராக்டரையே உலுக்கியது.

இஸ்ஹாக் க்ளச்சைக் காலால் அமத்தி, வின்ச் லீவரை நிறுத்தினார். தண்டு இன்னும் இரண்டு தடவை மணலை அறைந்துவிட்டு அடங்கியது. ஆனால் வின்ச்சின் உருளை அடங்கவில்லை. அதில் நாலு சுற்றாகச் சுற்றியிருந்த கயிற்றின் மறுமுனையில், கடலுக்குள், வலையின் வடக்குக் கை, அதன் ஒரு பக்கச் சிறகு, கிடந்தது. வலை நிறைய மீன். அதற்கு மேல் அன்றைய நீரோட்டம். தடுக்க ஒன்றுமில்லாமல் போனதும் கடல் கயிற்றைத் தன் பக்கம் இழுக்க, உருளை பின்பக்கமாக விசை பிடித்தது.

உருளைக்குப் பக்கத்தில் நின்று கயிற்றை வாங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தவன் அக்ரம். இருபத்தாறு வயது. போன மாதம்தான் முதல் பிள்ளை பிறந்திருந்தது. கயிறு அவன் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடியபோது ஒரு வளையம் வலது கையில் விழுந்து இறுகியது. அவனைத் தூக்கி உருளையோடு அறைந்தது. அவன் போட்ட சத்தம் தெற்குப் பக்கம் கயிறு இழுத்துக்கொண்டிருந்த ஆட்களுக்கும் கேட்டது.

இஸ்ஹாக் ஆசனத்திலிருந்து குதித்தார். சில்லுக்குப் பக்கத்தில் செருகியிருந்த மன்னாக் கத்தியை உருவி, உருளைக்கும் கடலுக்கும் நடுவில் விறைத்து நின்ற கயிற்றில் ஓங்கிப் போட்டார். ஒரு வெட்டில் போகவில்லை. இரண்டாவது வெட்டில் கயிறு அறுந்து, மணலைக் கிழித்துக்கொண்டு கடலுக்குள் ஓடி மறைந்தது. அக்ரம் உருளையின் காலடியில் விழுந்தான். அவனுடைய கையில் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் இருந்தன. மற்ற மூன்றும் கயிற்றோடு போய்விட்டன.

யாரோ சாரத்தைக் கிழித்துக் கையைச் சுற்றினார்கள். யாரோ த்ரீவீலுக்கு ஓடினார்கள். அக்ரமைத் தூக்கி அதில் படுக்கவைத்து அனுப்பியபோது அவனுடைய நானா, மூத்தவன் அர்கம், கூடப் போகவில்லை. தம்பியின் இரத்தம் மார்பெல்லாம் அப்பியிருக்க, ட்ராக்டருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். ஏன் நின்றான் என்று அப்போது இஸ்ஹாக்குக்கு யோசிக்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் சம்மாட்டி ஸஜீத் வள்ளத்திலிருந்து பாய்ந்து கரைக்கு ஓடி வந்தான்.

வலையும் ட்ராக்டரும் ஸஜீத்தினுடையவை. வாப்பா மௌத்தாகி இரண்டு வருடத்தில் எல்லாம் அவன் கைக்கு வந்திருந்தன. முப்பது வயது கூட நிரம்பாதவன். வந்த வேகத்தில் இஸ்ஹாக்கின் கன்னத்தில் அறைந்தான்.

“ஆருடா ஒனக்குக் கயித்த வெட்டச் சென்ன?”

இரண்டாவது அறையில் இஸ்ஹாக்கின் தொப்பி மணலில் விழுந்தது.

“பொடியன்ட உசிரு போயிரிக்கும் தம்பி” என்றார் இஸ்ஹாக்.

“வலை போகுதுடா! என்ட வாப்பாட வலை! வடக்கால கல்லுப் பாருக்குப் போகுது, பாரு! கல்லுல மாட்டினாக் கந்தல் கூட மிஞ்சாது!”

மூன்றாவது அறை வாயில் விழுந்தது. உதடு வெடித்தது. சுற்றி நின்ற முப்பது பேரும் ஸஜீத்தைப் பார்க்கவில்லை, இஸ்ஹாக்கின் வலது கையைத்தான் பார்த்தார்கள். அதில் மன்னாக் கத்தி இருந்தது. அந்தக் கையைப் பற்றி அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

இஸ்ஹாக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. மன்னார்க் கரையிலிருந்து தொண்ணூறாம் ஆண்டில் மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டு, பதினேழு வயதில் வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து இறங்கியவர். முகாமில் வளர்ந்து, கூலிக்கு உழவு மெஷின் ஓட்டப் பழகி, மாம்புரிப் பக்கத் தோட்டங்களில் உழுது பிழைத்தவர். இருபத்தொன்பது வயதில், ஒரு தோட்டத்தை யார் முதலில் உழுவதென்று வந்த வாய்த்தர்க்கத்தில், இன்னாசிப்பிள்ளை என்ற இன்னொரு மெஷின்காரன் அவரை “அகதி நாய்” என்றான். கையிலிருந்த சில்லு ஸ்பெனரால் இஸ்ஹாக் ஒரே ஒரு அடி அடித்தார். இன்னாசிப்பிள்ளையின் இடது கண் போனது. நாலு வருடம் சிறையில் மறியல். வெளியே வந்த பிறகு இந்தக் கரைக்கு வந்து, ஸஜீத்தின் வாப்பாவிடம் சேர்ந்து, பத்தொன்பது வருடமாக இந்த ஒரே ட்ராக்டரை ஓட்டுகிறார். ஒரு தடவை கூட யாரையும் தொட்டதில்லை. யாரோடாவது பேசவேண்டி வந்தால் கையிலுள்ள சாமானைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

அன்றைக்கும் கத்தியை மணலில் வைத்தார்.   மறியலில் கிடந்த நாலு வருடமும், அதற்குப் பிறகான பத்தொன்பது வருடமும் அந்தக் கைக்கு ஒன்றும் படிப்பிக்கவில்லையோ என்று இருந்தது. ஸஜீத்தின் கழுத்தில் எந்த இடத்தைப் பிடித்தால் மூச்சு நிற்கும் என்று அது தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

ஸஜீத் திரும்பி வள்ளத்துக்காரர்களைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தான். புதுக் கயிறு கொண்டு போய் வலையின் கையில் கட்டச் சொன்னான். தெற்குப் பக்கக் கயிற்றைத் தென்னங்குற்றியில் கட்டச் சொன்னான். இஸ்ஹாக் குனிந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ட்ராக்டருக்குப் பின்னால் போனார்.

தண்டின் பிடியில், துளைக்குள், அறுந்த போல்ட்டின் பாதி இன்னும் இருந்தது. விரலால் தள்ளியதும் மணலில் விழுந்தது. எடுத்துப் பார்த்தார். வெள்ளி மாதிரி மினுங்கியது. அது அவருடைய போல்ட் அல்ல. அவருடையது கறுத்த இரும்பு. அறுபது வருடத்துக்கு முன்பு ட்ராக்டரோடு வந்தது. சேற்றுக் கிரீஸ் பிடித்துக் கிடக்கும். இது ஹாட்வெயார்க் கடையில் நேற்றோ முந்தாநாளோ வாங்கிய புதுச் சாமான்.

“அர்கம்” என்றார். “இது ஆரு போட்ட?”

அர்கம் போல்ட்டைப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். “நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு சம்மாட்டிதான் மெஷின எடுத்துக்கிட்டுப் போனாரு நானா. லொட்ஜ்காரன்ட வேன் மணல்ல பொதஞ்சு நின்டிச்சு. ஷாஃப்ட் நெலத்துல இடிக்கிதுன்டு கழட்டினாரு. போல்ட் மணல்ல விழுந்து தேடித் தேடிக் கெடைக்கல்ல. பொறகு கல்பிட்டியில இதை வாங்கி அவரே மாட்டினாரு.”

“என்னட்டச் செல்லல்லயே நீ?”

“அவரு செல்லியிருப்பாருன்டு நெனச்சேன்.” அர்கத்தின் முகம் கோணிக்கொண்டு போனது. “நான் பாத்துக்கிட்டு நின்ட நானா. பாத்துக்கிட்டுத்தான் நின்ட.”

இஸ்ஹாக் அந்தப் பாதிப் போல்ட்டை உள்ளங்கையில் உருட்டினார். அந்த ட்ராக்டர் பழைய இஞ்சிக் கணக்கு, அங்குல அளவு மெஷின். இப்போது கடையில் விற்பதெல்லாம் மில்லிமீற்றர்க் கணக்கு. பத்து மில்லி போல்ட் போட்டால் துளைக்குள் ஆடும். பன்னிரண்டு மில்லி போகவே போகாது. ஆடுகிற போல்ட்டை வைத்துக்கொண்டு கடலோடு இழுபறிப்பட்டால் அது அறுந்தே தீரும். மெஷின் தெரிந்த எவனுக்கும் இது தெரியும். ஸஜீத்துக்குத் தெரிந்திருக்கவில்லை, கேட்கவும் இல்லை.

வள்ளம் போய் வலையின் கையில் புதுக் கயிற்றைக் கட்டிவிட்டது. ஆட்கள் கையால் இழுத்துப் பார்த்தார்கள். பதினைந்து பேர் குதிக்காலை மணலில் புதைத்து இழுத்தும் வலை அசையவில்லை. ஆட்கள்தான் கடலை நோக்கி அங்குலம் அங்குலமாகப் போனார்கள். வடக்கே முருகைக்கல் பார் மீது அலை வெள்ளையாக உடைவது கரையிலிருந்தே தெரிந்தது.

“ரெண்டு மணித்தியாலம் தாங்கும்” என்றார் வள்ளத்திலிருந்து இறங்கிய ஒருவர். “அதுக்குள்ள மெஷின் இழுக்கணும். இல்லாட்டி முடிஞ்சி.”

இஸ்ஹாக்குக்குத் தெரிந்து, இதே காலத்து, இதே சாதி ட்ராக்டர் இந்தத் தீபகற்பத்தில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. ஓடாமல், துருப்பிடித்து, மாம்புரியில் ஒரு வெங்காயத் தோட்டத்துக்குள் நிற்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். இன்னாசிப்பிள்ளையின் ட்ராக்டர்.

அர்கத்தை ஆசனத்தில் ஏற்றினார். “எஞ்சின நிப்பாட்டிடாத. ஸ்டார்டர் இல்ல, இந்த மணல்ல உருட்டிக் கெளப்பவும் ஏலா. நான் வாற வரைக்கும் ஓடிக்கிட்டே இரிக்கட்டும்.” ஒருவனுடைய ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு வீதிக்கு ஏறினார்.

அரை மணித்தியால ஓட்டம். காற்றாலைகளும் தென்னந்தோட்டங்களும் இரண்டு பக்கமும் ஓடின. வெடித்த உதட்டைக் காற்று எரித்தது. மறியலால் வந்த பிறகு மாம்புரிக்குள் அவர் போனதே இல்லை. பிரதான வீதியால் போகும்போது கூட அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார். போய் என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தார். ஒன்றும் வரவில்லை. சலாம் சொல்லவும் முடியாது, வணக்கம் சொல்லவும் முடியாது.

இன்னாசிப்பிள்ளை வீட்டு வளவின் வாசல் படலை திறந்து கிடந்தது. வீட்டு முகப்பில் ஒரு மாதாப் படம். வீட்டுக் கப்புத் தூணிலிருந்து கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து துருப்பிடித்த ட்ராக்டர் வரைக்கும், இடுப்பு உயரத்தில் நீல நைலோன் கயிறு கட்டியிருந்தது. உடுப்புக் காயப்போடுகிற கொடி என்று நினைத்தார். அதற்குள் வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதர் வந்தார். ஒரு கையால் கயிற்றைத் தடவிக்கொண்டே, தலையைச் சற்று உயர்த்தி, அடிமேல் அடி வைத்துக் கிணற்றடிக்குப் போனார். இடது கண் இருந்த இடம் மூடித் தைத்திருந்தது. வலது கண் பால் மாதிரி வெளுத்திருந்தது.

ஒரு கண் என்றுதான் நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஒரு கண்ணுக்குத்தான் இஸ்ஹாக் நாலு வருடம் கிடந்தார். அதற்குப் பிறகும் இத்தனை வருடம், ஒவ்வொரு தொழுகையிலும் ஒரு கண்ணுக்குத்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆரது?” என்று கேட்டார் இன்னாசிப்பிள்ளை.

 இஸ்ஹாக் பதில் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. வெங்காயப் பாத்திக்குள் குனிந்து நின்ற ஒரு பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இன்னாசிப்பிள்ளையின் மனைவி அஜித்தா. வழக்கு நடந்த நாட்களில் நீதிமன்ற வாசலில் கைக்குழந்தையோடு நின்றவள். தலை நரைத்திருந்தது. கையில் மண்வெட்டி.

“நீயோ” என்றாள்.

மண்வெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியை முன்னால் வைத்துக்கொண்டு பாத்திகளை மிதித்து நேராக வந்தாள். முதல் அடி தோளில் விழுந்தது. இஸ்ஹாக் அசையவில்லை. இரண்டாவது அடி விலாவில் விழுந்து மூச்சை அடைத்தது.

“மற்றக் கண்ணும் மூண்டு வருஷத்தில போச்சுது, தெரியுமோ உனக்கு? ஒண்டு செத்தா மற்றதும் சாகுமாம், டொக்டர் சொன்னவர்! நீ மறியல்ல சோறு தின்ன, நான் இந்த மண்ணைக் கொத்தினன்! பிள்ளையத் தோளில போட்டுக்கொண்டு கொத்தினன்!”

அடிகள் விழுந்தபடி இருந்தன. முழங்காலில் ஒன்று, முதுகில் இரண்டு. இஸ்ஹாக் மண்ணில் முழங்கால் போட்டார். தலைக்கு நேரே ஒரு அடி வந்தபோது மட்டும் உடம்பு தன்னையறியாமல் இடது கையை உயர்த்தியது. முன்னங்கை எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்குமே கேட்டது. அஜித்தா பிடியை ஓங்கியபடியே நின்றாள். மூச்சு இரைத்தது. அவள் முகத்தில் வியர்வையா கண்ணீரா என்று சொல்ல முடியாதபடி எல்லாம் ஒன்றாக ஓடியது.

“அடிச்சது காணும்” என்றார் இன்னாசிப்பிள்ளை கயிற்றைப் பிடித்தபடி. “ஆரெண்டு விளங்குது. என்னத்துக்கு வந்தவன்?”

முறிந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இஸ்ஹாக் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதைச் சொல்ல இது இடமில்லை என்று விழுங்கிவிட்டார்.

“வின்ச் இழுக்கிற ஷாஃப்ட் போல்ட் அறுந்துட்டு. பழைய இஞ்சிப் போல்ட். ஒங்கட மெஷின்ல மட்டுந்தான் இரிக்கும்.”

அஜித்தா சிரித்தாள். கேட்க நன்றாயில்லாத சிரிப்பு. “போல்ட்டோ? கண்ணைப் பிடுங்கினவன் இப்ப போல்ட்டுக்கும் வந்திட்டான்! அது துருப்பிடிச்சு உக்கிப் போனாலும் உனக்கில்லை!”

இன்னாசிப்பிள்ளை முகத்தை இஸ்ஹாக்கின் குரல் வந்த பக்கம் திருப்பினார். “வலை கடலுக்குள்ளயோ கிடக்குது?”

“ஓம்.”

“எந்தப் பக்கம் இழுக்குது?”

“வடக்கால. பாருக்கு.”

 இன்னாசிப்பிள்ளை கயிற்றைத் தடவிக்கொண்டு ட்ராக்டரை நோக்கி நடந்தார். “அஜித்தா, கட்டிலுக்குக் கீழ பெட்டி இருக்கு. ஸ்பெனரும் மண்ணெண்ணெயும் கொண்டு வா.”

“கொண்டு வரமாட்டன்.”

“அப்ப நான் போய்த் தடவி எடுக்கிறன். நேரம் போகும், வேற ஒண்டுமில்லை.”

அவள் மண்வெட்டியை நிலத்தில் எறிந்துவிட்டு உள்ளே போனாள். பெட்டியைக் கொண்டு வந்து அவர் காலடியில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் வெளியே வரவில்லை.

இன்னாசிப்பிள்ளை மெஷினுக்குப் பின்னால் குந்தினார். அந்தப் பத்து விரல்களும் இரும்பின் மேல் ஓடின. தண்டைத் தொட்டு, பிடியைத் தொட்டு, போல்ட்டின் தலையைக் கண்டுபிடித்தன. மண்ணெண்ணெய் ஊற்றினார். பொறுத்தார். ஸ்பெனரை மாட்டி உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்துத் தொங்கினார். துரு கிறீச்சிட்டு விட்டுக்கொடுத்தது. இரண்டடி தூரத்தில் இஸ்ஹாக் நின்றார். அந்த ஸ்பெனர் அந்தக் கையில் இருப்பதையும், தன் தலை அதற்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதையும் உணர்ந்தபடி நின்றார். விலகத் தோன்றவில்லை.

“இந்தா” என்று இன்னாசிப்பிள்ளை கையை நீட்டினார். கறுத்த போல்ட். நட்டும் பூட்டுப் பின்னும் கூட இருந்தன. “உனக்கில்ல, வலைக்கு. இனி இந்த வளவுக்குள்ள வராத.”

க்ளச் இல்லாத ஸ்கூட்டி என்றபடியால் ஒரு கையால் ஓட்ட முடிந்தது. முறிந்த கை மடியில் கிடந்தது. வீதியில் ஒவ்வொரு குழியிலும் அதன் எலும்பு ஒன்றோடொன்று உரசியது. இரண்டு இடத்தில் நிறுத்தி வாந்தி எடுத்தார்.

கரைக்கு வந்தபோது தெற்குக் கயிறு கட்டிய தென்னங்குற்றி பாதி பிடுங்கிக்கொண்டு சாய்ந்திருந்தது. வலையின் மிதவைகள் பாருக்கு ஐம்பது பாகம், முந்நூறு அடி கூட இல்லாத தூரத்தில் ஆடின. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அர்கம் இறங்காமல் ஆசனத்திலேயே இருந்தான். அவனுடைய மார்பில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

ஆட்கள் இஸ்ஹாக்கின் கையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். 

“க்ளச்ச அமத்திப் புடி” என்று அர்கத்திடம் சொன்னார். வின்ச் போடுகிற லீவர் தேய்ந்து பல காலம். நிறுத்தி வைத்தாலும் எந்த நேரமும் தானாகச் சரிந்து விழுந்துவிடும். க்ளச் அமத்தியிருக்கும் வரைக்கும்தான் தண்டு சும்மா கிடக்கும். “நான் செல்லுற வரைக்கும் காலை எடுத்துராத.” பிறகு திரும்பி, “தம்பி, நீங்க வாங்க. எனக்கு ஒரு கைதான் இரிக்கி. ஷாஃப்ட்ட நீங்க புடிக்கணும்” என்றார்.

முப்பது பேர் நிற்க, ஸஜீத்தை ஏன் கூப்பிட்டார் என்று பின்னாளில் அவர் பல தடவை தன்னைத்தானே கேட்டிருக்கிறார். அவன் போட்ட போல்ட், அவனே வந்து பிடிக்கட்டும் என்றா? அல்லது அந்தக் கன்னத்து அறை இன்னும் எரிந்துகொண்டிருந்ததாலா? நல்ல எண்ணத்தில் கூப்பிடவில்லை என்பது மட்டும் அவருக்கு நிச்சயம்.

ஸஜீத் வந்து முழங்கால் போட்டான். தண்டைத் தூக்கி வின்ச்சின் பிடிக்குள் நுழைத்து, இரண்டு துளைகளும் நேருக்கு நேர் வருகிறதா என்று பார்க்கப் பெருவிரலை உள்ளே விட்டான். இஸ்ஹாக் பக்கத்தில் மணலில் சாய்ந்து வலது கையில் போல்ட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“இன்னும் கொஞ்சம்” என்றான் ஸஜீத். “இன்னும் ஒரு நூல்…”

அப்போது எஞ்சினின் சத்தம் மாறியது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. பத்தொன்பது வருடம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவருக்குக் கேட்டது. க்ளச் மெல்லக் கடிக்கத் தொடங்கும்போது எஞ்சின் ஒரு தடவை மூச்சுத் திணறும். இஸ்ஹாக் நிமிர்ந்து பார்த்தார். மிதிபலகை மேல் அர்கத்தின் வெறுங்கால் இருந்தது. பெருவிரல் வெளுக்க இறுகி, மயிர் மயிராக மேலே வந்துகொண்டிருந்தது. அர்கம் கடலைப் பார்க்கவில்லை. திரும்பி, ஸஜீத்தின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் தவறுகிறவனின் முகம் அல்ல அது. அந்த முகத்தை இஸ்ஹாக்குக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்பு அதை அவரே போட்டிருந்தார்.

கத்தினால் ஸஜீத் திடுக்கிடுவான், அர்கத்தின் காலும் திடுக்கிடும். இரண்டில் எது முந்தினாலும் கை போய்விடும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், போகட்டுமே என்று கூட இருந்தது. பிறகு போல்ட்டை மணலில் விட்டுவிட்டு, தன்னிடம் மிஞ்சியிருந்த நல்ல கையைப் பிடிக்குள், ஸஜீத்தின் கைக்குப் பக்கத்தில் நுழைத்தார்.

“அர்கம்” என்றார், சாதாரணமாகக் கதைக்கிற குரலில். “என்ட கையும் இதுக்குள்ளதான் இரிக்கி.”

தண்டு அசைந்தது. கால்வாசிச் சுற்று. ஸஜீத் வீறிட்டான். பெருவிரலின் தோல் நகத்தோடு உரிந்துகொண்டு வந்தது. இஸ்ஹாக்கின் விரல்களை இரும்பு நெரித்தது. அவர் கையை எடுக்கவில்லை, அர்கத்தின் முகத்தை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை.

அர்கத்தின் கால் கீழே இறங்கியது. மிதிபலகை தரை தட்டியது. தண்டு நின்றது.

“புடிச்சிக்க” என்றார் இஸ்ஹாக். “அப்பிடியே புடிச்சிக்க, மகன்.”

அர்கத்தின் உடம்பு முழுவதும் குலுங்கியது. கால் மட்டும் அசையவில்லை. ஸஜீத் இரத்தம் சொட்டுகிற பெருவிரலை வாயில் வைத்தபடி ஆசனத்தை அண்ணாந்து பார்த்தான். என்ன நடக்க இருந்தது என்று அவனுக்கு விளங்கியது. ஏன் என்றும் விளங்கியது. அவன் எழுந்து ஓடவில்லை. மீண்டும் குனிந்து, அதே கையை அதே இடத்தில் வைத்துத் தண்டைப் பிடித்தான். துளைகள் நேர் வந்தன. இஸ்ஹாக் மணலில் கிடந்த போல்ட்டை ஊதித் துடைத்து உள்ளே தள்ளினார். உளியால் செதுக்கியது போலப் போய் உட்கார்ந்தது. நட்டைப் பூட்டி, ஸ்பெனரால் இறுக்கி, பின்னைப் போட்டுப் பல்லால் வளைத்தார்.

பிறகு அர்கத்தை இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார்.

ட்ராக்டர் இழுத்தது. ட்ராக்டரைச் சங்கிலியால் கட்டியிருந்த மரம் முனகியது. கயிறு தண்ணீரைக் கக்கிக்கொண்டு உருளைக்கு வந்தது. வடக்கு ஓரத்தில் ஒரு துண்டு ஏற்கனவே பாரில் மாட்டியிருந்தது. வலை கிழிபடுவதைக் கயிற்றின் உதறலில் இஸ்ஹாக் உணர்ந்தார். நிறுத்தவில்லை. நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது வலையின் மடி கரைக்கு வந்தது. பாதி மீன் கிழிசலால் போய்விட்டிருந்தது. மீதிப் பாதி மணலில் கொட்டித் துடித்தது. யாரும் சந்தோஷப்பட்டுச் சத்தம் போடவில்லை.

புத்தளம் ஆஸ்பத்திரியில் கையைப் பார்த்த டொக்டர் எப்படி முறிந்தது என்று கேட்டார். “ஷாஃப்ட் அடிச்சிட்டு” என்றார் இஸ்ஹாக். மனைவி றிஸ்மியாவிடமும் அதைத்தான் சொன்னார். அவள் அவருடைய முதுகில் கன்றியிருந்த தடங்களைப் பார்த்தாள். ஷாஃப்ட் எத்தனை இடத்தில் அடிக்கும் என்று கேட்கவில்லை. எண்ணெய் தடவிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கரையில் எல்லோரும் இருக்கும்போது ஸஜீத், “போல்ட் மாட்டினது நான்தான்” என்று சொன்னான். சொல்லி வாய் மூடுவதற்குள் அர்கம் பாய்ந்து அவன் மூக்கை உடைத்தான். கீழே விழுந்தவன் மீது ஏறியிருந்து இன்னும் நாலு அடி போட்டான். ஒருவரும் விலக்கவில்லை. இஸ்ஹாக்கும் விலக்கவில்லை, தூரத்தில், மாவுக்கட்டுப் போட்ட கையோடு, அர்கத்தின் கையில் வேறு எதுவும் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். ஸஜீத் பொலிசுக்குப் போகவில்லை. அக்ரமின் கை ஆறியது. இப்போது அவன் இடது கையால் கயிறு சுருட்டப் பழகிக்கொண்டான். ஆனால் உருளைக்குக் கிட்டப் போவதில்லை. அவனும் ஸஜீத்தும் பேசிக்கொள்வதில்லை.

இஸ்ஹாக்கின் கை கோணலாகத்தான் பொருந்தியது. அடுத்த பருவத்திலும் அதே ட்ராக்டரில்தான் இருந்தார். ஸஜீத் புதிதாக ஒரு மெஷின் வாங்கலாம் என்று இரண்டு தடவை கதை எடுத்தான். பிறகு விட்டுவிட்டான்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் நுரைச்சோலைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது எதிரில் அஜித்தாவைக் கண்டார். வெங்காயச் சாக்கு ஒன்றை இறக்கி வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இஸ்ஹாக் ஒதுங்கிப் போகப் பார்த்தார். அவள் கண்டுவிட்டாள். முதலில் அவருடைய கோணல் கையைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“வலை வந்ததோ?” என்று கேட்டாள்.

“வந்திச்சு. பாதி கிழிஞ்சி.”

 யாரோ ஒரு வியாபாரி வெங்காயத்தைக் கையில் அள்ளி விலை கேட்டான். அவள் அவன் பக்கம் திரும்பி, இது இன்றைக்குக் கிண்டிய வெங்காயம், தோலைப் பார், என்று சண்டை பிடிக்கத் தொடங்கினாள்.